தென்னேரி மைனாவும் அது குடியேறிய உலகமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்தை அடுத்துள்ள தென்னேரியின் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ சிறிது நேரம் நின்றால் மைனாவைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சேற்றுழவு நடக்கும் வயலில் கொக்குகளோடு சேர்ந்து நடக்கும். மேயும் மாட்டின் காலடியை விடாமல் தொடரும். பனைமரப் பொந்திலும் மின்கம்பத்து இரும்புக் குழாயிலும் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் இடுக்கிலும் குஞ்சு பொரிக்கும். நாகணவாய் என்று நூல்களும் மைனா என்று ஊராரும் சொல்லும் இந்தப் பறவை நமக்கு அவ்வளவு பழக்கம். அந்தப் பழக்கத்தாலேயே அதை நாம் உற்றுப் பார்ப்பதில்லை.

இதே பறவையை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கூண்டுப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதைத் தீங்கு செய்யும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூற்றைத் தொகுத்தபோது அதில் மூன்றே மூன்று பறவைகள் இடம்பெற்றன. ஒன்று நம் மைனா. இன்னொன்று நம் தோட்டங்களில் பாடும் செம்புழைக் கொண்டைக்குருவி. மூன்றாவது, மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங். ஆக, அந்த மூன்றில் இரண்டு தென்னேரியின் வேலியோரத்தில் அன்றாடம் காணக்கூடியவை.

ஓரிடத்தில் ஊரோடு ஒட்டி வாழும் பறவை இன்னோர் இடத்தில் ஏன் பெரும் தொல்லையாகிறது? இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மைனாவின் குணம் எங்கும் ஒன்றுதான் என்பதும், அந்தக் குணத்துக்கு எல்லை போடும் சூழல்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதும், அந்த எல்லையை உடைத்தது மனிதக் கை என்பதும் இச்சான்றுகளிலிருந்து நான் எட்டும் முடிவு.

அடையாளம் காண்பது எப்படி

அடையாளத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். பறவையைத் தவறாக இனங்கண்டால் அதன்மேல் கட்டும் எந்த முடிவும் தவறாகிவிடும்.

மைனா சிட்டுக்குருவியைவிடப் பெரியது, காகத்தைவிடச் சிறியது. நீளம் 23 முதல் 25 செ.மீ. உடல் ஆழ்ந்த பழுப்பு. தலையும் கழுத்தும் கறுப்பு. அலகும் கால்களும் மஞ்சள். கண்ணைச் சுற்றிலும் அதன் பின்புறமும் இறகில்லாத மஞ்சள் தோல் பளிச்சென்று தெரியும். அடிவயிறும் வால் நுனியும் வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போது சிறு கோடாகத் தெரியும் இறக்கை வெள்ளை, பறக்கும்போது அகன்ற பட்டையாக விரியும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். இளம் பறவைக்குத் தலை கறுப்பாக இல்லாமல் பழுப்போடியிருக்கும். நிறம் மொத்தமும் மங்கல்.

நடையும் நல்ல அடையாளம். சிட்டுக்குருவி தத்தும், மைனா காலை மாற்றி மாற்றி வைத்து நிமிர்ந்து நடக்கும், அவசரமானால் மட்டும் ஓரிரு தத்தல். குரலோ பலவகை. கரகரத்த அதட்டல், தண்ணீர் மொண்டு ஊற்றுவது போன்ற களகளப்பு, சீழ்க்கை, கிறீச்சிடல் எல்லாம் ஒரே மூச்சில் வரும். பாடும்போது இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு இணையின் முன் தலையை மேலும் கீழும் ஆட்டும். பாம்பையோ பூனையையோ வல்லூறையோ கண்டால் எழுப்பும் கூச்சல் வேறு. அந்தக் கூச்சல் கேட்டு மற்றப் பறவைகளும் எச்சரிக்கையாகும். தோட்டத்தில் வேலை செய்பவர்களும் பாம்பு எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

சில சமயம் தலையில் ஓர் இறகும் இல்லாமல் முழு மஞ்சள் மண்டையோடு திரியும் மைனாவைப் பார்த்து அது வேறு இனம் என்று எண்ணுவோர் உண்டு. இறகு உதிர்வாலோ ஒட்டுண்ணித் தொல்லையாலோ தலை வழுக்கையான சாதாரண மைனாதான் அது.

உறவினர்களைப் பிரித்தறிதல்

காஞ்சிபுரம் சமவெளியில் மைனாவின் நெருங்கிய உறவினர்கள் இருவரைக் காணலாம். ஒன்று கருங்கொண்டை நாகணவாய்; பாப்பாத்தி மைனா என்றும் சொல்வார்கள். உருவில் சற்றுச் சிறியது. மார்பும் வயிறும் இளஞ்செம்மஞ்சள், முதுகு சாம்பல், உச்சந்தலையில் பின்னோக்கிப் படிந்த கருங்கொண்டை. இறக்கையில் வெள்ளைத் திட்டு கிடையாது. புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் கோயில் தோப்பும் இதற்குப் பிடித்த இடங்கள்.

இன்னொன்று மத்திய ஆசியப் புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் நம்மிடம் வரும் சூறைக்குருவி. ரோசாநிற உடலும் கறுப்புத் தலையும் இறக்கையுமாக, தனித்து வராமல் பெருங்கூட்டமாக வரும். இளம் பறவை மணல்நிறத்தில் வெளிறிய அலகோடு இருப்பதால் மைனாக் குஞ்சென்று தவறாகக் கருதப்படுவதுண்டு. கோடையில் மண்ணில் மேயும் பறவை சூறைக்குருவியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை அதற்குள் வடக்கே போயிருக்கும்.

மலைப்பக்கம் போனால் காட்டு மைனா உண்டு. அதற்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லை. அலகின் அடியில், நெற்றியில், சிறு இறகுக் குச்சம் நிமிர்ந்திருக்கும். வட இந்திய ரயில் நிலையங்களில் நடமாடும் கரை மைனாவுக்கு உடல் நீலச்சாம்பல், கண்ணைச் சுற்றிய தோல் செங்கல் நிறம். மனிதப் பேச்சைப் பேசுவதில் பெயர்பெற்ற மலை மைனா முற்றிலும் வேறு: பளபளக்கும் கறுப்பு உடல், தலையின் பின்புறம் மஞ்சள் தோல்மடல், உயர்ந்த காட்டு மரங்களில் வாழ்க்கை. கூண்டு வணிகத்தால் பெரிதும் துன்பப்பட்டது இந்த மலை மைனாதான்.

இலங்கைத் தீவின் மைனா நம்முடையதைவிடக் கறுத்தது. அதைத் தனி உள்ளினமாக 1879-இல் விவரித்தவர் வில்லியம் லெக். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மைனாவைப் பார்த்தவர்கள் இந்த நிற வேறுபாட்டைக் கவனிக்கலாம்.

அடையாளப் பிழைக்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அங்கே மண்ணுக்குரிய பறவையாக ‘நாய்சி மைனர்’ என்ற ஒன்று இருக்கிறது. மைனாவோடு உறவே இல்லாத தேன்குடிப் பறவை அது. ஆனால் அதற்கும் மஞ்சள் அலகு. கண்ணுக்குப் பின்னே மஞ்சள் தோல். உடல் பழுப்பாக இல்லாமல் சாம்பலாக இருப்பது ஒன்றே விரைவில் பிரித்தறியும் வழி. இதைக் கவனிக்காதவர்கள் சட்டப் பாதுகாப்புள்ள மண்ணின் பறவையைப் பொறியில் பிடித்துவிடும் ஆபத்து இருப்பதால், மைனா ஒழிப்புக் கையேடுகளெல்லாம் இந்த இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகின்றன.

சொந்த மண்ணில் வாழ்க்கை

மைனாவின் வாழ்க்கையை மூன்று குணங்கள் தாங்குகின்றன: எதையும் தின்னும், பொந்தில் கூடு கட்டும், மனிதனோடு ஒட்டும்.

உணவில் அதற்கு ஒதுக்கல் இல்லை. வெட்டுக்கிளி, புழு, வண்டு, மண்புழு, ஓணான் குட்டி, ஆலம்பழம், வேப்பம்பழம், சிந்திய நெல், சாப்பாட்டுக் கடை வாசலில் விழுந்த பருக்கை எல்லாம் உணவே. தென்னேரியில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி நிரம்பி நடவு தொடங்கும்போது புரட்டிய சேற்றில் புழுக்கள் மேலே வரும். அறுப்பு முடிந்ததும் தாளடியில் வெட்டுக்கிளியும் சிந்திய மணியும் கிடைக்கும். கோடையில் அத்தியும் ஆலும் வேம்பும் கை கொடுக்கும். ஆண்டு முழுவதும் அது ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. இலவம், கல்யாணமுருங்கை, புரசு பூக்கும்போது தேன் குடிக்க வந்து தலையில் மகரந்தம் ஒட்டிப் போகும். அந்த மரங்களின் காய்ப்பில் அதற்கும் பங்குண்டு. பழம் தின்று விதையைப் பரப்புவதிலும் அப்படியே. ஏரிக்கரையில் ஆலும் அரசும் தானே முளைக்கக் காரணமான பறவைகளில் மைனாவும் ஒன்று. கோபுரங்களின் விரிசலில் அரசங்கன்று வேர்விடுவதற்கும் குயில், குக்குறுவான், காகத்தோடு சேர்ந்து அதுவே காரணம். திருப்பணி செய்வோருக்கு இது தெரிந்த தலைவலி.

கூடு கட்டும் காலம் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை. தானே மரத்தைத் துளைக்க மைனாவுக்கு இயலாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்ட பொந்து, மொட்டைப் பனையின் உச்சிக்குழி, சுவர் ஓட்டை, கூரை இடுக்கு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். வைக்கோல், வேர், சுள்ளி, காகிதம், பிளாஸ்டிக் துண்டு, சில நேரம் பாம்புச் சட்டை எனக் கிடைத்ததையெல்லாம் திணித்து நிரப்பும். பளபளப்பான நீல முட்டைகள் நான்கிலிருந்து ஆறு வரை இடும். ஏறத்தாழ 17 நாளில் குஞ்சு பொரிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் வளர்ந்தபின் கூட்டை விட்டு வெளிவரும். அடைகாப்பதிலும் இரை கொடுப்பதிலும் இரு பெற்றோரும் பங்கெடுக்கும். இணை பெரும்பாலும் நீடித்திருக்கும். இடம் பிடித்தால் விட்டுக்கொடுக்காது. கூட்டுப் போட்டியில் இரு இணைகள் கால்களால் பின்னிப் பிணைந்து தரையில் உருண்டு சண்டையிடுவதைப் பார்க்கலாம்.

பகலில் இணையாகத் திரியும் மைனா மாலையில் கூட்டமாகும். ஆலமரத்திலோ, பேருந்து நிலையத்து மரத்திலோ, கரும்புத் தோட்டத்திலோ நூற்றுக்கணக்கில் அடையும். இருட்டும்வரை கூச்சல் ஓயாது. காகம், கிளி, குளிர்காலத்தில் சூறைக்குருவி எல்லாம் அதே மரத்தில் இடம் தேடும்.

இவ்வளவு திறமையுள்ள பறவை நம் ஊரை ஏன் மூடிவிடவில்லை? பொந்துக்குப் போட்டியாகப் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் கருங்கொண்டை நாகணவாயும் அணிலும் இருக்கின்றன. முட்டையையும் குஞ்சையும் தேடிச் சாரைப்பாம்பும் காகமும் வரும். வளர்ந்த பறவையை வல்லூறு அடிக்கும். நோயும் ஒட்டுண்ணியும் உண்டு. இந்த எதிரிகளும் போட்டியாளர்களும் மைனாவோடு நெடுங்காலம் கூடவே வளர்ந்தவர்கள். மைனா வலிமையானது, அதைச் சுற்றியுள்ளவையும் வலிமையானவை. இந்தச் சமநிலையைத்தான் நாம் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

கடல் கடந்த கதை

மைனா மேற்கத்திய அறிவியலுக்குள் நுழைந்த வாசல் தமிழ்நிலத்தில் இருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் 1760-இல் இப்பறவையை விவரித்தபோது மாதிரி பிலிப்பைன்சிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணினார். அவர் விவரிப்பை வைத்து லின்னேயஸ் 1766-இல் அறிவியல் பெயரிட்டார். பின்னாளில் அந்தப் பிழை திருத்தப்பட்டு, இனத்தின் மூல இடமாகப் புதுச்சேரி குறிக்கப்பட்டது. உலகில் எங்கே மைனாவைப் பற்றி ஆய்வுநூல் எழுதினாலும் மூல இடமாக நம் கடற்கரை ஊரின் பெயர் வந்துவிடும். 1816-இல் வியோ இதன் பேரினத்துக்கு வைத்த பெயரின் பொருள் வெட்டுக்கிளி வேட்டையாடி. அந்த வேட்டைத் திறமைதான் மைனாவைக் கப்பலேற்றியது.

1762-இல் மொரீஷியசில் பயிரைத் தின்ற செந்நிற வெட்டுக்கிளிக்கு எதிராக இந்தியாவிலிருந்து மைனாக்கள் கொண்டுசெல்லப்பட்டன. கொண்டுபோனவர் மோதாவ் பிரபு என்று பதிவுகள் சொல்கின்றன. ஒரு பூச்சியை அடக்க வேறு நாட்டு உயிரை இறக்கிய தொடக்கக்கால முயற்சிகளில் இது புகழ்பெற்றது. அண்டைத் தீவான ரீயூனியனுக்கும் மைனா போனது. அந்தக் காலத்துக்கு இது பெரிய வெற்றியாகத் தெரிந்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆசை ஓர் இயக்கமே ஆயிற்று. 1854-இல் பாரிசில் அயல் உயிர்களைப் பழக்கும் சங்கம் தொடங்கியது. 1861-இல் மெல்பர்னில் அதைப் போன்ற சங்கம் எழுந்தது. அயல்நாட்டு விலங்கையும் பறவையையும் குடியேற்றினால் நாடு வளம்பெறும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். 1862-இல் தொடங்கி மெல்பர்ன் தோட்டங்களில் பூச்சி ஒழிக்க மைனாக்கள் விடப்பட்டன. 1883-இல் அங்கிருந்து குயின்ஸ்லாந்தின் கரும்பு வயல்களுக்குப் போயின. 1865-இல் மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ஹிலபிராண்ட் இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார். அங்கும் புழுத் தொல்லைதான் காரணம். 1870-களில் நியூசிலாந்து. 1890-ஐ ஒட்டி ஃபிஜியின் கரும்பு நிலம். 1902-இல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பியவை. தென்பசிபிக்கின் அடியு தீவில் தென்னையைத் தின்ற குச்சிப்பூச்சிக்காக 1916-ஐ ஒட்டி வந்து சேர்ந்தவை. நம் நாட்டுக்குள்ளேயே, பிரிட்டிஷ் தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் அந்தமானுக்கு மைனா கொண்டுபோகப்பட்டது. கடலால் பிரிந்த அந்தத் தீவுகளுக்கு அதுவும் அயல்பறவையே.

இந்த ஊர்ப் பெயர்களைத் தமிழ் வாசகர் அடுக்கிப் பார்க்க வேண்டும். மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி, டர்பன்: இவை நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நிலங்களும்கூட. இரண்டையும் இயக்கியது கரும்புப் பொருளாதாரம். காட்டை வெட்டி ஒற்றைப் பயிர் வைத்தார்கள். ஒற்றைப் பயிரில் பூச்சி பெருகியது. பூச்சிக்குப் பறவையைத் தேடினார்கள். மைனா இறங்கிய இடம் முன்பே மனிதன் கலைத்துவிட்ட இடம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பின்னால் வரும் வாதத்துக்கு இது அடிப்படை.

இருபதாம் நூற்றாண்டில் காரணம் மாறியது. பூச்சி ஒழிப்புக்காக இறக்குவது குறைந்து, கூண்டுப் பறவை வணிகம் அந்த இடத்தைப் பிடித்தது. டெல் அவிவ் நகரின் யார்கோன் பூங்காவில் 1997-இல் தப்பியவை இன்று இஸ்ரேல் முழுதும் பரவிவிட்டன. ஃபுளோரிடாவில் 1980-களில் தோன்றின. சிங்கப்பூர்க் கதை சற்று வேறு. அங்கே நம் மைனா மலாய்த் தீபகற்பத்தின் வழியே, விவசாயம் பரவப் பரவ, தானாகவே 1930-களில் வந்து சேர்ந்தது. ஜாவா மைனாவோ 1925-ஐ ஒட்டிக் கூண்டுப் பறவையாக வந்து வெளியேறியது. இன்று சிங்கப்பூரின் மரங்களில் மாலையில் இரைச்சலிடுபவை பெரும்பாலும் ஜாவா மைனாக்கள். நம் மைனா அங்கே பின்தள்ளப்பட்டுவிட்டது. உலகையே வென்ற பறவை என்று பேசப்படுவது ஒரு நகரத்தில் தன் உறவினனிடமே தோற்றிருக்கிறது. வெற்றியைப் பறவை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சென்ற இடத்தில் செய்த தீங்கு

தீவுகளின் நிலைமையில் ஐயத்துக்கு இடமில்லை. பாம்பும் வல்லூறும் குறைந்த அல்லது இல்லாத தீவுகளில் வளர்ந்த பறவைகளுக்கு முட்டையைக் குத்தும் அயலானைத் துரத்தும் பழக்கம் இல்லை. பொந்துகளும் குறைவு. ஹவாயில் மைனா கடற்பறவைகளின் முட்டையைத் தின்றது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடியின் விதையையும் அதே மைனா பரப்பியது. ஓர் அயல் உயிர் இன்னோர் அயல் உயிருக்கு வழி திறந்துவிட்டது. செய்ஷெல்சில், மிகச் சில தீவுகளில் மட்டும் எஞ்சிய செய்ஷெல்ஸ் குண்டுகரிச்சானின் கூட்டை மைனா தொந்தரவு செய்தது. தாகித்தி ஈப்பிடிப்பான் 1998-ஐ ஒட்டி ஏறத்தாழ ஒரு டஜன் பறவையாகச் சுருங்கிவிட்டது. அதன் கூட்டைத் தாக்கியவர்களில் எலியோடு மைனாவும் கொண்டைக்குருவியும் இருந்தன. தென்னேரி வேலியில் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு பறவைகள் அங்கே ஓர் இனத்தின் உயிருக்கே உலையாயின.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கேள்வி சிக்கலானது. கான்பெராவில் 1968-க்கும் 1971-க்கும் இடையில் நூற்றுப்பத்து மைனாக்கள் விடப்பட்டன. அந்நகரின் தன்னார்வப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் தோட்டங்களில் வாராவாரம் பறவைகளை எண்ணிக் குறித்துவந்தார்கள். 29 ஆண்டுக் குறிப்புகளை வைத்து கேட் கிராராக்கும் அவரது குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மைனா நிலைகொண்ட பின் பொந்துப் பறவைகளில் மூன்று இனங்களும் சிறு பறவைகளில் எட்டு இனங்களும் நீண்டகாலப் போக்கில் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. மறுபக்கம், சிட்னித் தோட்டங்களைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வில் சிறு பறவைகள் குறைவதற்கு மைனாவைவிட, முன்னே சொன்ன அந்த மண்ணின் நாய்சி மைனரே பெரிய காரணமாகத் தெரிந்தது. கிராராக் குழுவே 2014-இல் அடுத்த கேள்வியை எழுப்பியது: மைனா அழிவை ஓட்டிவரும் சாரதியா, நிலம் கலைந்த வண்டியில் ஏறிவந்த பயணியா? மரங்கள் அடர்ந்த இடத்தில் மைனா குறைவு, கட்டடமும் புல்தரையும் மிகுந்த இடத்தில் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள்.

இரு பக்கச் சான்றுகளையும் வைத்துப் பார்த்தால் மைனா பயணியாகவும் வருகிறது, வந்தபின் வண்டியையும் ஓட்டுகிறது என்பதே பொருந்துகிறது. முதிர்ந்த மரங்களை வெட்டும்போது பொந்துகள் குறைகின்றன. மிஞ்சிய பொந்தை மைனா பிடித்துக்கொள்கிறது. முதல் தவறு இல்லாவிட்டால் இரண்டாவது தீங்குக்கு இவ்வளவு வலு இருந்திருக்காது. தீவுகளிலோ மைனா மட்டுமே போதுமான ஆபத்து. இடத்துக்கு இடம் விடை மாறும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் எல்லா ஊருக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது அறிவியலுக்கு உதவாது.

கட்டுப்படுத்தும் முயற்சிகள்

கான்பெராவில் 2006-இல் உருவான மைனா நடவடிக்கைக் குழு வீட்டுத் தோட்டங்களில் பொறி வைத்துப் பல்லாயிரம் மைனாக்களைப் பிடித்தது. ஆனால் மைனா கற்றுக்கொள்ளும் பறவை. தன் இனத்தைச் சேர்ந்த ஒன்று ஓரிடத்தில் பிடிபடுவதைப் பார்த்த மைனா அந்த இடத்தில் பிறகு எச்சரிக்கையாகிறது என்று ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா கிரிஃபின் நடத்திய ஆய்வுகள் காட்டின. வெளியிலிருந்து மைனா வந்துசேர வழியுள்ள பெருநிலத்தில் முழு ஒழிப்பு நடைமுறைக்கு எட்டாதது.

சிறு தீவுகளில் கதை வேறு. செய்ஷெல்சின் டெனிஸ் தீவில் நீண்ட முயற்சிக்குப் பின் 2015-இல் மைனா முழுதும் அகற்றப்பட்டது. அடியு தீவில் 2007-இல் மீண்டும் குடியேற்றப்பட்ட ரிமதாரா கிளிக்காக மைனா ஒழிப்பு 2009-இல் தொடங்கியது; தீவு மக்களே அதில் இறங்கி வேலை செய்தார்கள். தாகித்தியில் கூடுகளைக் காத்ததால் ஈப்பிடிப்பான் மெல்ல மெல்ல மீண்டது. டெனிசிலும் அடியுவிலும் ஒரே பாடம்: எல்லை சிறியது, வெளியிலிருந்து வரவு இல்லை, வேலை பல ஆண்டு விடாமல் நடந்தது. வந்தபின் அகற்றுவது இவ்வளவு கடினம் என்றால், வராமல் தடுப்பதற்கு ஈடான வழி வேறில்லை.

கொல்லும் வேலையைப் பற்றி நம் மண்ணிலிருந்து படிப்போருக்கு மனம் கூசும். அந்தக் கூச்சம் சரியானது. அதை விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் தாகித்தியில் ஒரு டஜனாய்ச் சுருங்கிய பறவையைக் கண்முன் வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தவர்களின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் துன்பத்துக்கும் வேர், அன்று கப்பலில் கூண்டை ஏற்றிய முடிவில் இருக்கிறது.

தென்னேரிக்கு என்ன பாடம்

இதையெல்லாம் தொலைதூரக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அதே தவறு நம் ஏரிகளிலும் நடந்திருக்கிறது, எதிர்த் திசையில். விறகுக்காகவும் தரிசை மூடவும் 1877-இல் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம் இன்று தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளையும் நீர்பிடிப்புகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தென்னமெரிக்க ஆகாயத்தாமரை மதகுகளை அடைக்கிறது. மீன் விளைச்சலுக்காகக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கத் தேளியும் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கின்றன. மைனாவைக் கொண்டுபோனவர்களைப் போலவே இவற்றைக் கொண்டுவந்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஒரு பூச்சி, ஒரு விறகுத் தட்டுப்பாடு, ஒரு மீன் பற்றாக்குறை என்று ஒற்றைக் குறைக்கு ஒற்றை மருந்து தேடும் மனப்பான்மையே இவை அனைத்துக்கும் பொது. உயிர் மருந்தாக இருக்காது. அது பெருகும், பறக்கும், நம் உத்தரவுக்கு நிற்காது.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வளர்ப்புப் பறவையையோ ஆமையையோ மீனையோ சலிப்பு வந்ததும் ஏரியில் விடுவதை நிறுத்த வேண்டும். புண்ணியம் என்று நினைத்துக் கடைக்கூண்டுப் பறவையை வாங்கித் திறந்துவிடுவதும் அதே வகை. நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வீட்டிலும் சொல்ல வேண்டும். பட்டுப்போன பனையையும் முதிய ஆலையும் அவசரமாக வெட்டாமல் விட்டால் பொந்துகள் மிஞ்சும். மைனாவோடு போட்டியிடும் கிளிக்கும் ஆந்தைக்கும் கருங்கொண்டை நாகணவாய்க்கும் இடம் கிடைக்கும், சமநிலை காக்கப்படும்.

இவற்றோடு, எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மைனாவின் தாக்கத்தை உலகுக்குக் காட்டியது கான்பெரா வீட்டுத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காகக் குறிப்பெழுதிய சாதாரண மனிதர்கள். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் சேரலாம். தென்னேரிக் கரையில் மைனா எத்தனை, கருங்கொண்டை நாகணவாய் எத்தனை, சூறைக்குருவி வந்த நாள் எது, போன நாள் எது என்று ஒரு பள்ளி ஆண்டுதோறும் எழுதிவைத்தால் அது தாய்நிலத்து மைனாவைப் பற்றிய பயனுள்ள ஆவணமாகும். அயல் நிலத்து மைனாவைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். சொந்த மண்ணில் அதை எது கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதை அளந்து சொல்லும் வேலை அது வாழும் ஊர்க்காரர்களுக்கே உரியது. அந்த விடை ஹவாய்க்கும் கான்பெராவுக்கும் தாகித்திக்கும்கூடப் பயன்படும். மைனாவின் மூல இடம் என்று புதுச்சேரி குறிக்கப்பட்டிருக்கும் இந்தக் கடற்கரையிலிருந்து, அதைப் பற்றிய முதன்மையான அறிவும் வரவேண்டும்.